ஓரத்தில் தட்டுடன்

என் மகள் பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த அன்று, அவளைக் குளிப்பாட்டிப் புதுச்சட்டை போட்டு, கன்னத்தில் கறுத்த பொட்டு வைக்கப் போனேன். சவ்வரிசியைக் கருக்கி, தண்ணீர் விட்டுக் காய்ச்சி, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் காயவைத்த பொட்டு. அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். விரலை நனைத்துச் சிரட்டையில் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கட்டிலருகே நின்ற என் மச்சாள், அதாவது கணவரின் அக்கா, சொன்னார்:

"இவவுக்கு என்னத்துக்கு, பிள்ளை, பொட்டு? ஆளே ஒரு பொட்டுத்தானே."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கணவர் வீட்டு ஆட்கள் நிறைந்த அறையில், தையல் இன்னும் ஆறாத உடம்போடு வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. பொட்டை வைத்தேன். கொஞ்சம் பெரிதாக வைத்தேன். அன்று என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

மச்சாளை மன்னித்துவிட்டேன் என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை.

மகளுக்கு ஏழு வயதானபோது மச்சாளின் மகள் பூப்பெய்த, அவளுக்குச் சாமத்திய வீடு வைத்தார்கள். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு பெரிய மண்டபம். நாங்கள் இருப்பது லூயிஷாமில், தேம்ஸ் ஆற்றுக்கு இந்தப் பக்கம். பெரிய பிள்ளையோடு மேடைக்கு நடந்து வர, தட்டு ஏந்தும் சிறுமிகள் வேண்டும். என் மகளையும் கேட்டார்கள். நான் மறுக்கவில்லை. குடும்பத்தில் கேட்டால் செய்ய வேண்டும் என்று வளர்ந்தவள் நான். மகளோ ஒரு சாப்பாட்டுத் தட்டில் ஆப்பிள்களை அடுக்கிவைத்துக்கொண்டு எங்கள் ஒடுக்கமான நடைபாதையில் மேலும் கீழும் நடந்து பழகினாள். ஒரு ஆப்பிள்கூட விழாமல் நடந்துவிட்டால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாள்.

விழாவுக்கு முந்திய கிழமை மச்சாள் ஒரு பவுடர் டின்னைக் கொண்டுவந்து தந்தார். "அண்டைக்குப் போட்டுவிடும். வீடியோவில ஆள் தெரியோணுமெல்லே," என்றார். நான் அதைக் குளியலறை அலுமாரிக்குள் வைத்துவிட்டு, மறந்துபோனவள் மாதிரி இருந்தேன். அவர் மறக்கவில்லை. மண்டபத்தின் உடைமாற்றும் அறையில் இன்னொரு டின்னை எடுத்து, தன் கையாலேயே என் மகளின் முகத்தில் அப்பிவிட்டார்.

மேடையில் படப்பிடிப்புக்காரத் தம்பி கமராவைத் தாழ்த்தி யோசித்தார். "அக்கா, இந்தப் பிள்ளைக்கு லைட் காணாது. இவவுக்குக் கூட்டினால் மற்றவை வெளுத்துப் போயிடுவினம்," என்றார். பொல்லாப்பாக அல்ல, பல்பு எரியவில்லை என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

"அப்ப ஓரத்தில விடுங்கோவன்," என்றார் மச்சாள்.

"தங்கச்சி, கொஞ்சம் ஓரத்துக்கு வாங்கோ. இன்னும் கொஞ்சம்."

மகள் தட்டைச் சரிக்காமல் ஒவ்வொரு அடியாக நகர்ந்தாள். பழகியிருந்தாள் அல்லவா. கடைசியில் அலங்கார வளைவின் தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். நான் கதிரை வரிசையில், மடியில் எல்லாருடைய கைப்பைகளையும் வைத்துக்கொண்டு இருந்தேன். எழும்பிப் போய் அவளை நடுவில் நிறுத்தலாமா என்று யோசித்தேன். இன்னொருவர் வீட்டு விழா. அவர்களுடைய நாளைக் குழப்பலாமா என்றும் யோசித்தேன். யோசித்து முடிவதற்குள் படம் எடுத்து முடிந்துவிட்டது.

சில மாதங்கள் கழித்து அல்பம் வந்தது. தோல் அட்டை போட்ட, தூக்கினால் கை நோகிற அல்பம். ஸ்டூடியோவில் எல்லா முகங்களையும் வெளுப்பாக்கியிருந்தார்கள். எங்கள் ஆட்களின் அல்பங்களில் அது வழக்கம்தான். யாரும் கேட்பதும் இல்லை, காசைத் திருப்பித் தா என்று சண்டை பிடிப்பதும் இல்லை. ஆனால் ஓரத்தில் நின்ற பிள்ளைக்கு அவ்வளவு மினக்கெடவில்லை போலிருக்கிறது. என் மகளின் முகத்தைச் சாம்பலும் ரோசாவும் கலந்த ஒரு நிறத்துக்கு மாற்றிவிட்டு, கைகளை அப்படியே விட்டிருந்தார்கள்.

மகள் படத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அம்மா, இது ஆரின்ர கை?"

"உங்கட கைதான் குஞ்சு."

"அப்ப மூஞ்சை?"

நான் பக்கத்தைப் புரட்டினேன்.

அதன் பிறகு அவளாகவே ஓரத்துக்குப் போகத் தொடங்கினாள். பள்ளிக்கூட வகுப்புப் படத்தில் கடைசியில் நின்றிருந்தாள். பாதித் தோள் சட்டத்துக்கு வெளியே போயிருந்தது. பூங்காவில் நான் கைபேசியை எடுத்தால் சிநேகிதிகளுக்குப் பின்னால் நகர்ந்துவிடுவாள். ஒருநாள், "நடுவில வாங்கோவன்," என்றேன். "எனக்கு லைட் காணாது அம்மா," என்றாள். கவலைப்பட்டுச் சொல்லவில்லை. படப்பிடிப்புக்காரர் சொன்ன அதே குரலில், ஒரு தகவலாகச் சொன்னாள்.

அன்று கணவரிடம் சொன்னேன். அவர் நல்லவர். ஆனால் அக்கா தூக்கி வளர்த்த ஆள்.

"அக்கா ஒண்டும் நினைச்சுச் சொல்லேல்லை," என்றார்.

"நினைக்காமலே இவ்வளவு சொல்லுறா. நினைச்சால்?"

"விடுமன். பகிடிக்குத்தானே."

விடவில்லை. இதைப் பெரிதாக்குகிறேனோ, பிள்ளை மறந்துவிட்டதை நான்தான் நினைவூட்டுகிறேனோ என்றெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டேன். கேட்டபடியே கோபத்தை வளர்த்தேன். அந்த இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய எனக்கு ஏலும்.

எங்கள் பக்கத்து நூலகத்தில் சனிக்கிழமைகளில் தாய்மாருக்கான ஓவிய வகுப்பு இருந்தது. பிள்ளைகளைப் பக்கத்து அறையில் பார்த்துக்கொள்வார்கள் என்பதால்தான் சேர்ந்தேன். படிப்பித்தவர் என் வயதுப் பெண். அவருடைய பெற்றோர் ஜமேக்காவிலிருந்து வந்தவர்கள், அவர் இங்கேயே பிறந்தவர். முதல் வகுப்பிலேயே வண்ணக் குழாய்களை மேசையில் கொட்டி, வெள்ளைக் குழாயை மட்டும் எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"கறுத்த தோலைப் படமாகக் கீறத் தெரியாதவர்கள் எல்லாரும் முதலில் செய்கிற வேலை, பழுப்பில் வெள்ளையைக் கலப்பது," என்றார் ஆங்கிலத்தில். "அப்படிக் கலந்தால் சாம்பல்தான் வரும். உயிருள்ள ஆள் செத்த ஆளாகிவிடுவார். இந்த வகுப்பில் வெளிச்சம் வேண்டுமென்றால் நீலத்திலிருந்து எடுங்கள், சிவப்பிலிருந்து எடுங்கள்."

எனக்கு அல்பம் ஞாபகம் வந்தது. கையை உயர்த்தி, கமராவுக்குச் சில பிள்ளைகளில் வெளிச்சம் காணாது என்கிறார்களே, அது உண்மையா என்று கேட்டேன். அவர் சிரித்தார். ஒரு காலத்தில் படச்சுருளையே வெள்ளைத் தோலுக்கு ஏற்றபடிதான் செய்தார்கள் என்றார். ஒரு வெள்ளைப் பெண்ணின் படத்தை அளவாக வைத்து, அதில் அவள் வடிவாகத் தெரிந்தால் நிறம் சரி என்று முடிவெடுப்பார்களாம். தன் சிறு வயதுப் படங்களில் பல்லும் கண்ணும் மட்டும் தெரியும் என்றார். "வெளிச்சம் காணாமல் இல்லை. அந்தக் கருவியை உனக்காகச் செய்யவில்லை. அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதானை' நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

ஒரு சனிக்கிழமை எங்களை மத்திய லண்டனில் உள்ள பெரிய ஓவியக்கூடம் ஒன்றுக்குக் கூட்டிப்போனார். கட்டணமில்லாத இடம். இத்தனை வருடத்தில் நான் அதன் கழிவறைக்கு மட்டும்தான் போயிருக்கிறேன். ஒரு படத்தின் முன்னால் நிறுத்தினார். பட்டுடை உடுத்த ஒரு சீமாட்டி நடுவில் அமர்ந்திருக்கிறாள். படத்தின் ஓரத்தில், அரை இருட்டில், ஒரு கறுத்த சிறுமி பழத்தட்டு ஏந்தியபடி அவளை அண்ணாந்து பார்க்கிறாள். கழுத்தில் வெள்ளிப் பட்டி. முதலில் அதை நகை என்று நினைத்தேன். நகையல்ல. அடிமைக்குப் போடுவது.

கீழே எழுதியிருந்ததில் சீமாட்டியின் பெயர் இருந்தது. ஓவியரின் பெயர் இருந்தது. சிறுமியைப் பற்றி, 'பணிச்சிறுமியுடன்' என்று மட்டும் இருந்தது.

"இந்தப் பிள்ளைக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்டார் ஆசிரியை.

"பழம் கொடுப்பது," என்றாள் ஒருத்தி.

"இல்லை. பக்கத்தில் நின்று சீமாட்டியை வெள்ளையாக்குவது. அந்த முகத்தைக் கையால் மறைத்துப் பாருங்கள். சீமாட்டி மஞ்சளாகிவிடுவாள்."

நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சிறுமியின் முகத்தைக் கையால் மறைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. கையை எடுத்தபோது எனக்குத் தெரிந்தது பழத்தட்டு மட்டும்தான். ஒரு ஆப்பிள்கூட விழாமல் பிடித்திருந்தாள்.

திரும்பும் ரயிலில் ஆசிரியையின் பக்கத்தில் இருந்தேன். கறுப்பு என்ற சொல்லை நாங்களும் எங்களுக்குச் சொல்லிக்கொள்ளலாமா என்று கேட்டேன். ஒரு காலத்தில் இந்த நகரத்தில் உங்கள் பக்கத்து ஆட்களும் அந்தச் சொல்லின் கீழ் எங்களோடு நின்று ஊர்வலம் போனார்கள் என்றார். "பிறகு பஸ்ஸில் என் அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்காமல் எழும்பிப் போனவர்களும் உங்கள் ஆட்கள்தான்," என்றார். மச்சாள் முந்தின கிழமைதான் தொலைபேசியில் கேட்டிருந்தார்:

"சனிக்கிழமையில பிள்ளையைக் கறுவலுகளோட விட்டிட்டு என்ன பழகிறீர்?"

"படம் கீறப் பழகிறன், மச்சாள்."

"அதுகளிட்டயோ?"

"அப்ப நாங்கள் என்ன நிறம்?"

"நாங்கள் பொது நிறம்," என்றார் மச்சாள், கல்யாணப் பேச்சில் தரகருக்குச் சொல்வதைப் போல. கோயிலில் அபிசேகம் பார்க்கும்போது கறுத்த கல்லின் மேல் பால் வழிவதைக் கண்ணீரோடு கும்பிடுகிறவர் அவர். எண்ணெய் பூசிய அந்தக் கருமையைப் பார்த்து, "என்ன வடிவு, என்ன தேசு" என்பார். அதே வாய்.

ரயில் லூயிஷாமுக்கு வருவதற்குள் நான் என்ன கீறப் போகிறேன் என்று முடிவெடுத்திருந்தேன்.

வகுப்பின் முடிவில் நூலகக் கூடத்தில் எல்லாருடைய படங்களையும் மாட்டி, குடும்பங்களை அழைப்பார்கள். என் படம் அந்தப் பழைய படத்தின் அமைப்பிலேயே இருக்கும். நடுவில் உயர்ந்த கதிரையில் பச்சைப் பட்டுச் சட்டையோடு என் மகள். ஓரத்தில், பழத்தட்டு ஏந்தி, அவளை அண்ணாந்து பார்த்தபடி மச்சாள்.

சமையலறை மேசையில் வைத்துத்தான் கீறினேன். மகளின் நிறத்துக்கு முதலில் ஆழ்ந்த நீலத்தைப் பூசி, அதன்மேல் செம்பழுப்பை மெல்லிதாக இழுத்தேன். காய்ந்த பிறகு இன்னும் கறுப்புத் தேவைப்பட்டது. குழாயில் வந்த கறுப்பு தட்டையாக இருந்தது. அலுமாரியில் தேடி, அம்மா அனுப்பிய சிரட்டையை எடுத்தேன். பொட்டு வெடித்துக் கிடந்தது. நனைத்துத் தேய்த்து, ஓவியப் பசை கலந்து, கன்ன ஓரத்திலும் கண்ணிமையிலும் தொட்டேன். நீலத்துக்கு மேலே அந்தக் கரி ஏறியதும் முகம் படத்திலிருந்து முன்னுக்கு வந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், நெற்றியில் வெளிச்சம் தங்கியது. ஆளே ஒரு பொட்டுத்தானே என்றவருக்கு அந்தப் பொட்டாலேயே ஆளைக் கீறிக் காட்டினேன்.

மச்சாளின் முகத்துக்கு வெள்ளை வேண்டியிருந்தது. வகுப்பில்தான் வெள்ளை இல்லையே. அப்போது குளியலறை அலுமாரியில் வைத்த பவுடர் டின் ஞாபகம் வந்தது. உடைக்காமலே இருந்தது. பசையோடு குழைத்தபோது நல்ல வழவழப்பான களியாக வந்தது. சாமத்திய வீட்டு மணம் சமையலறை முழுவதும் எழும்பியது. அந்த மணத்துக்குள் நின்று, முன்பொரு காலமும் இல்லாத சந்தோசத்தோடு அவருடைய தாடையைக் கீறினேன்.

வகுப்பில் ஆசிரியை அந்த முகத்தை விரலால் தொட்டு, இது என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

"இது சில வருடத்தில் வெடித்து உதிரும். தெரியும்தானே?"

"பரவாயில்லை," என்றேன்.

கணவர் ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து மேசையருகே நின்றார்.

"இது அக்காவெல்லே?"

"இல்லை. தட்டுப் பிடிக்கிற ஆரோ ஒருத்தி."

"இரட்டைக்கல்லு மூக்குத்தி போட்ட ஆரோ ஒருத்தியோ?"

நான் தூரிகையைக் கழுவினேன்.

"மூக்குத்தியை எண்டாலும் அழியுமன்," என்றார் மெதுவாக. "நான் பிறகும் அவவின்ர வீட்டுக்குப் போகோணும்."

அவருக்காக அன்று மத்தியானம் முழுவதும் யோசித்தேன். அவருக்கு இருக்கிறது அந்த ஒரு அக்காதான். குடும்பத்தைப் பிரித்தவள் என்ற பெயர் எனக்கு வரும். மகளுக்கு ஒரு மாமி இல்லாமல் போகலாம். எல்லாவற்றையும் யோசித்து, நுனித் தூரிகையை எடுத்து, மூக்குத்தியின் இரண்டு கல்லுக்கும் ஒவ்வொரு புள்ளி ஒளி வைத்தேன். இனித் தெருவில் போகிறவர்களும் அடையாளம் காண்பார்கள்.

கண்காட்சிக்கு மச்சாள் தன் மகளோடு வந்தார். தம்பி குடும்பத்து நிகழ்ச்சிக்கு வராமல் இருக்கமாட்டார். அதை நம்பித்தான் அழைத்தேன். நான் செய்து கொண்டுபோன ரோல்ஸில் ஒன்றைக் கடதாசித் தட்டில் எடுத்து, "உப்புக் கொஞ்சம் காணாது, என்ன," என்றபடி படங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். என் படத்தின் முன்னால் நின்றார். மகளைப் பார்த்தார். பிறகு ஓரத்தைப் பார்த்தார். அவருடைய கை தானாகவே மூக்குத்திக்குப் போனது.

"இது ஆர்?"

"ஆரோ ஒருத்தி, மச்சாள்."

"அம்மா, அது நீங்கள்தான்," என்றாள் அவருடைய மகள். பதினாலு வயது, இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, மறைத்துப் பேசத் தெரியாது. சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க நின்றாள்.

மச்சாள் என்னைப் பார்த்தார். நான் கல்யாணம் செய்து வந்த காலம் முதல் அவர் என்னை அவ்வளவு நேரம் நேராகப் பார்த்ததில்லை.

"வெள்ளையாத்தான் கீறியிருக்கிறீர்," என்றார்.

"ஓம். நீங்கள் தந்த பவுடர்தான் பூசினது. படத்தில ஆள் தெரியோணுமெல்லே."

அவருக்கு விளங்கியது. முகம் மாறியதைப் பார்த்தேன். அதைப் பார்ப்பதற்குத்தான் அத்தனை சனிக்கிழமைகளும். ஆனால் மச்சாள் லேசுப்பட்டவர் அல்ல. கோயிலில் பழக்கமான ஒரு குடும்பம் பின்னால் வந்துகொண்டிருந்தது. உடனே குரலை உயர்த்தி, "என்ர தம்பியின்ர பெண்சாதி கீறினது. வாங்கோ, எல்லாரும் ஒரு படம் எடுப்பம்," என்று சொல்லி, படத்தின் நடுவில், என் மகளின் உருவத்தை மறைத்துக்கொண்டு நின்றார். கணவர் நிம்மதியாக மூச்சுவிட்டுக்கொண்டு பக்கத்தில் போய் நின்றார்.

நான் கைபேசியை எடுத்தேன். மகள் எங்கே என்று தேடினேன். வழக்கம்போல ஓரத்துக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். போய்த்தான் இருந்தாள். ஆனால் அந்த ஓரத்தில், சுவரில், மாமியின் உருவம் தட்டோடு நின்றது. மகள் அதை அண்ணாந்து பார்த்தாள். கதிரையில் இருந்த தன்னைப் பார்த்தாள். பிறகு நேரே நடுவுக்கு வந்தாள்.

"மாமி, இது என்ர இடம்," என்றாள். "நீங்கள் அந்த ஓரத்தில நிக்கோணும். உங்களுக்கு லைட் கூடிப்போச்சு."

கோயில் குடும்பம் படத்தையும் மச்சாளையும் மாறி மாறிப் பார்த்தது. மச்சாள் கையில் ரோல்ஸ் தட்டை ஏந்தியபடியே, வைக்க ஒரு இடமும் இல்லாமல், ஓரத்துக்கு நகர்ந்தார்.

இதை எழுதும்போதும் யோசிக்கிறேன். பெரியவர்களிடம் அப்படிப் பேசக்கூடாது என்று அந்த இடத்திலேயே மகளைக் கண்டித்திருக்க வேண்டும். இனிக் கண்டிக்கவே முடியாத பழக்கம் ஒன்றை அன்று அவளுக்குக் கொடுத்துவிட்டேனோ என்று பயமாகவும் இருக்கிறது. கணவர் அதன் பிறகு அக்கா வீட்டுக்குத் தனியாகத்தான் போய் வருகிறார். ஆனால் அந்தக் கணத்தில் கைபேசித் திரையில் என் மகள் நடுவில், நாடியை நிமிர்த்தி, இரண்டு தோளும் முழுதாகத் தெரிய நின்றாள். அவளுக்கு வேண்டிய வெளிச்சம் அங்கே தாராளமாக இருந்தது.

மச்சாளின் ஒரு தோள் இன்னும் கொஞ்சம் உள்ளே வந்திருந்தது.

"இன்னும் கொஞ்சம் ஓரத்துக்கு வாங்கோ, மச்சாள்," என்றேன்.